மெடிசின் வார்டில் அந்தப் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

வேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவையோ பாட்டியையோ பொது மருத்துவ வார்டில் சேர்த்திருந்தால் இது உங்களுக்கும் நடந்திருக்கும். காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூட்டம், அதே கேள்வி. அப்புறம் சற்று மூத்தவர் ஒருவர், அதே கேள்வி. பெரிய டாக்டரும் வந்து அதையே கேட்கும்போது கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். "இத்தனை பேர்கிட்ட சொல்லியாச்சே, ஒருத்தராவது எழுதி வெச்சிருக்க மாட்டாங்களா?" நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது, அதில் எது உண்மையான பயிற்சி, எது வெறும் சடங்காகிவிட்டது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. வீட்டில் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். சேர்ந்திருந்தால்கூட அந்தக் குடும்பத்துக்குக் கட்டணமும் கட்-ஆஃப் மார்க்கும் தெரியும், வார்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளைக் கோட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். எம்.பி.பி.எஸ். நாலரை வருடப் படிப்பு, அதன் பின் ஒரு வருடம் கட்டாயப் பயிற்சி. முதல் வருடம் பெரும்பாலும் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று போய்விடும். இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஸ்டெதஸ்கோப்போடு முறையாக வார்டுக்கு வருகிறார்கள். கூட்டமாக வந்து கேள்வி கேட்பவர்கள் இவர்கள். பரீட்சை எல்லாம் முடித்து அந்த ஒரு வருடப் பயிற்சியில் இருப்பவரைத் தமிழ்நாட்டில் சி.ஆர்.ஆர்.ஐ. என்போம், பழைய ஆட்கள் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். ரத்தம் எடுப்பது, கையில் ஊசிக்குழாய் போடுவது, ரிப்போர்ட்டுக்கு அலைவது, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவது எல்லாம் அவர் தலையில். அதற்கு மேல் பி.ஜி., அதாவது எம்.டி. பொது மருத்துவம் மூன்று வருடம் படிப்பவர், ராத்திரியில் வார்டைத் தாங்குவது இவர்தான். அப்புறம் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், எல்லோருக்கும் மேல் யூனிட் சீஃப். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு அட்மிஷன் டே உண்டு. அன்று வந்து சேரும் நோயாளிகள், வீடு திரும்பும்வரை அந்த யூனிட்டின் பொறுப்பு.

இதில் காலக்கணக்கைக் கவனியுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, பயிற்சி வருடத்தில் பொது மருத்துவத்துக்கு 6 வாரம், மனநலத்துக்கு 2 வாரம். அதற்கு முன் இருந்த 1997 விதியில் மனநலத்தின் 15 நாளையும் சேர்த்து 2 மாதம். பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் போய் இந்த ஆணையம் வந்தது, பாடத்திட்டம் புதிதானது, ஆனால் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாணவராக இருக்கும்போது கிடைத்த வார்டு வாரங்களோடு இந்த ஆறு வாரத்தையும் சேர்த்து முடித்தவர், அடுத்த வருடமே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு சின்ன ஊர் கிளினிக்கிலோ தனியாக உட்காரக்கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம், விஷம், பாம்புக்கடி என்று நம் வீட்டில் வரும் நோய்களில் பாதிக்கு மேல் மெடிசின் கணக்கில்தான் வருகிறது. அதனால்தான் இந்த வாரங்கள் எப்படிப் போகின்றன என்பது எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்கிறேன்.

நோயாளியின் பக்கத்தில் நின்று பாடம் நடத்துவது புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் போயர்ஹாவ என்ற பேராசிரியர் பன்னிரண்டே படுக்கைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்த மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆனால் அங்கே மாணவர் பார்வையாளர்தான். நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆஸ்லர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893-இல் தொடங்கியபோது, மாணவரை வார்டின் வேலையாளாகவே ஆக்கினார்: ஒவ்வொருவருக்கும் சில நோயாளிகள், அவர்களின் கதையை எழுதுவது, சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிப்பது, தினமும் போய்ப் பார்ப்பது, பேராசிரியர் வரும்போது பதில் சொல்வது. பார்வையாளருக்கும் பொறுப்பாளருக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் நான் சொல்ல வருவதன் மையம். நம் நாட்டில் 2019 முதல் வந்த புதிய பாடத்திட்டமும் மாணவர் மருத்துவர் முறை என்ற பெயரில் இதையேதான் கேட்கிறது: மாணவர் ஒரு நோயாளியைச் சேர்ந்த நாளிலிருந்து டிஸ்சார்ஜ்வரை பின்தொடர வேண்டும். காகிதத்தில் இருக்கிறது. வார்டில் இருக்கிறதா என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும், சொல்லப்போனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மாறுகிறது.

வேலூருக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942-இல் எம்.பி.பி.எஸ்., 1947-இல் ஆண்களுக்கும் இடம். ஆஸ்பத்திரி ஊர் நடுவில், கல்லூரி பாகாயத்தில். பிறகு 2005-இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பழைய வட ஆற்காட்டின் தெற்குப் பாதியான திருவண்ணாமலைக்கு 2013-இல் தனிக் கல்லூரி கிடைத்தது. அதனால் இந்த வட்டாரத்து நோயாளிக்கு மாணவர் முகம் புதிதல்ல. "டாக்டர் பாப்பா, அந்தத் தம்பி நேத்தே கேட்டுட்டுப் போச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கும் பாட்டிகள் நிறைந்த ஊர் இது. அந்தப் பொறுமைக்கு மருத்துவக் கல்வி பட்டிருக்கும் கடன் பெரியது.

சரி, ஏன் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப? ஒரு காரணம், ஒவ்வொரு மட்டத்திலும் ஒருவர் கற்றுக்கொள்கிறார். ஆனால் அதைவிட முக்கியமான காரணம், நோயாளியின் கதை ஒரே தடவையில் முழுசாக வெளிவருவதில்லை. முதல் தடவை சொல்லும்போது வலிதான் முன்னால் நிற்கும். இரண்டாவது தடவை, வலி வருவதற்கு முதல் நாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனது ஞாபகம் வரும். மூன்றாவது தடவை, மருமகள் அறையை விட்டு வெளியே போனதும், மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டது வெளியே வரும். நல்ல ஆசிரியர்கள் மாணவர்களிடம் இதைத்தான் சொல்வார்கள்: என்ன பரிசோதனைக்கு எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசு என்று.

தொழில் என்ன என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊருக்கு அடுத்த வரி. பெண்களிடம் கேட்டால் "வீட்லதாம்பா இருக்கேன்" என்பார்கள், மாணவர் இல்லத்தரசி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண்மணியாக இருந்தால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: "வீட்ல உட்கார்ந்து ஏதாவது வேலை செய்வீங்களாம்மா?" பீடி சுற்றுவது அப்போதுதான் வரும், பல வருடமாகப் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். கூடவே விறகடுப்பா கேஸ் அடுப்பா என்பதையும் கேட்க வேண்டும். வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத பெண்ணுக்கு நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் வருவதற்கு விறகுப் புகை போதும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆண்கள் "கம்பெனி வேலை" என்று முடித்துக்கொள்வார்கள். தோல் கம்பெனியா, ஷூ கம்பெனியா, தோல் என்றால் எந்தப் பிரிவு, ஊறவைக்கும் தொட்டியா, குரோம் கலக்கும் இடமா என்று கேட்டுப் போனால்தான் கையில் இருக்கும் ஆறாத சிறு புண்ணுக்கும் மூக்குத் தண்டில் இருக்கும் ஓட்டைக்கும் காரணம் கிடைக்கும். பாடப்புத்தகம் உலகத்துக்கெல்லாம் பொதுவாக எழுதப்பட்டது, அதில் பேரணாம்பட்டு இருக்காது.

மொழியும் ஒரு பாடம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது, அப்புறம் ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வரும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் நோயாளிகள். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளியில் பலகை வைத்த கடைகளைப் பார்த்தாலே புரியும். பிற மாநிலத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர் தமிழ் கற்கிறார், தமிழ் மாணவர் இந்தியிலும் வங்காளியிலும் வலி எங்கே, எப்போதிலிருந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கற்கிறார். வேற்றுமொழி நோயாளியிடம் எடுத்த கதையைப் பெரிய டாக்டர் நம்பவே மாட்டார், மறுபடியும் கேட்பார், அதில் தப்பில்லை.

கதை முடிந்ததும் உடலைப் பார்ப்பது. பார், தொடு, தட்டு, கேள் என்று நாலு படி. தட்டுவதை 1761-இல் வியன்னாவில் ஆவன்பிருகர் எழுதி வைத்தார். அவர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது அவர் வளர்ந்த இடத்தில் வழக்கம். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோமே, அதே காது வேலைதான் இது: நெஞ்சில் காற்று இருந்தால் ஒரு சத்தம், நீர் கோத்திருந்தால் மந்தமாக இன்னொரு சத்தம். ஸ்டெதஸ்கோப் 1816-இல் பாரிஸில் லேனெக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதில் பிறந்தது. இன்று இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் ஸ்கேனும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மாணவர்களே கேட்கிறார்கள். யாருக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு என்பதுதான் பதில். சின்ன வயதில் தொண்டைப்புண்ணில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிய ஒரு பெண், கர்ப்பமான பிறகு மூச்சு வாங்குகிறது என்று வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சகஜம் என்று அனுப்பிவிடலாம். இடதுபக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப் பக்கத்தை இதய நுனியில் லேசாக வைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்டால் அடித்தொண்டையில் உறுமுவது போன்ற ஒரு மெல்லிய ஒலி கேட்கும். கேட்டவர் அன்றே எக்கோவுக்கு எழுதுவார். கேட்கத் தெரியாதவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்புவார்.

இந்த வட்டாரத்தில் பார்ப்பதன் மதிப்பை எல்லாவற்றையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுப்பது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். அக்டோபர் மழை பிடித்த பிறகு பிப்ரவரிவரை, காய்ச்சலோடு வரும் கூட்டத்தில் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா இவற்றோடு இதுவும் கலந்து வரும். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. ஆடு மேய்ப்பவர்கள், புல் அறுப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், வெளியில் மலம் கழிக்கப் போகிறவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு வாரமாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உள்ளூரில் நாலு ஊசி போட்டாச்சு, குறையவில்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும், ஈரல் அளவுகள் கொஞ்சம் ஏறியிருக்கும், டெங்குவிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இதில் பலருக்கு, எல்லோருக்கும் அல்ல, உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது, கேட்டால் "அப்படி ஒண்ணும் இல்லையே" என்பார். இருப்பதும் எங்கே என்றால் அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடுப்பில்.

இதைத் தேட வேண்டுமென்றால் திரை போட வேண்டும், பெண் நோயாளி என்றால் நர்ஸ் அக்கா கூட நிற்க வேண்டும், எதற்காகப் பார்க்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்க்க வேண்டும். நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இது நடக்காது. வார்டில் ரவுண்ட்ஸ் அவசரத்திலும் நடக்காமல் போகலாம். நேரம் இருப்பது மாணவருக்குத்தான். அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்து "சார், இங்கே பாருங்க" என்று சொல்வது பெரும்பாலும் ஒரு மூன்றாம் வருடப் பிள்ளையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், விலை மலிவான மாத்திரை, பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். சாதாரணமாகப் போடும் பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. அவற்றையே போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டர்வரை போகும். தீவிர நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அதை நடத்திய குழுவுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான் தலைமை. நம் ஊர்ப் புல்வெளியிலிருந்து வந்த நோயாளிகளைத் திரை போட்டுப் பார்த்த பழக்கம் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்.

அடுத்தது விஷமும் பாம்பும். இங்கேதான் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகும் மாணவருக்கும் தினமும் வரும் மாணவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். வயல் மருந்து குடித்துவிட்டு வருகிறவருக்கு, அது ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சில் சளிச் சத்தம். அட்ரோபின் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நெஞ்சு தெளிந்து, வேர்வை நின்று, நாடித்துடிப்பு ஏறும்வரை. அதெல்லாம் முதல் ராத்திரி, எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். மறுநாள் நோயாளி கண் திறந்து பேசுவார், சொந்தக்காரர்கள் பிழைத்துக்கொண்டார் என்று மூச்சு விடுவார்கள், மாணவர்கள் அடுத்த கேஸுக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒன்று முதல் நாலு நாளைக்குள் சிலருக்குத் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். அதற்கு முன்னறிவிப்பு மிகச் சின்னது: தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. காலையும் மாலையும் படுக்கைக்குப் போய் "அண்ணா, தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று கேட்க ஒருவர் வேண்டும். நேற்று தூக்கினாரா, இன்று தூக்குகிறாரா என்று ஒப்பிடத் தெரிய வேண்டுமென்றால் நேற்றும் வந்திருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஒடுவன்தழை என்ற விஷச் செடியின் இலையை அரைத்துக் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. முதலில் ஒன்றுமே ஆகாதது போல உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே பொட்டாசியம் குறைந்துகொண்டே போகும், ரத்தம் அமிலமாகும், திடீரென்று இதயத் துடிப்பு தடம் மாறும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று அனுப்பிவிடக் கூடாத நோயாளி என்பதை அடுத்தடுத்த நாள் போய்ப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

கட்டுவிரியனும் அப்படித்தான். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும், கடித்த இடத்தில் வீக்கமோ தடமோ பெரிதாக இருக்காது, வலியும் குறைவு. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கண்ணிமை கீழே இறங்குவதைக் கவனிக்காமல் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் விழுங்க முடியாது, மூச்சுவிட முடியாது. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி எத்தனைவரை போகிறார் என்று குறித்துவைப்பார்கள். மணிக்கு மணி அந்த எண் குறைந்தால் வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்றால் ரத்தம் உறையாமல் போகும். அதைப் பார்க்கப் பெரிய லேப் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் தப்பான பதில் வரும். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 20 நிமிடம் பக்கத்திலேயே நின்ற பிள்ளை, பத்து வருடம் கழித்து ஜவ்வாது மலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடுராத்திரியில் அதைத் தனியாகச் செய்யும்.

இதெல்லாம் நடக்கும் யூனிட்டுகள் உண்டு, நடக்காதவையும் உண்டு. நடக்காமல் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, மாணவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் காரணம் கூட்டம். எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடியது நல்லது, மருத்துவர்கள் தேவை. ஆனால் ஒரு படுக்கையைச் சுற்றி இருபது பேர் நின்றால் முன்வரிசையில் நிற்கும் நாலு பேருக்குத்தான் நோயாளியின் முகம் தெரியும். ஈரலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் மூன்றாவது கைக்கு மேல் அந்த மனிதருக்கு வயிறு வலிக்கத் தொடங்கும், வலித்தாலும் சொல்ல மாட்டார். இருபது பேர் ஒரு ஈரலைத் தொடுவது பயிற்சியும் இல்லை, மரியாதையும் இல்லை.

இரண்டாவது காரணம் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. இதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம். 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மேற்படிப்பு முழுக்க இந்த ஒரு பரீட்சையைப் பொறுத்தது என்பதால், பயிற்சி வருடத்தில் வார்டில் இருக்க வேண்டிய சி.ஆர்.ஆர்.ஐ. எப்போது டியூட்டி முடியும், எப்போது போனைத் திறந்து கேள்வி வங்கியைப் பார்க்கலாம் என்று இருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் எதிர்காலம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பரீட்சையில் நோயாளி ஏற்கெனவே ஐந்து வரியில் சுருக்கப்பட்டு வந்துவிடுகிறார்: வயது இத்தனை, புல் அறுப்பவர், அக்குளில் கறுத்த பொருக்கு, நோய் எது? அந்தப் பொருக்கைத் தேடி எடுத்ததுதான் கஷ்டமான வேலை, அதற்கு அங்கே மார்க் இல்லை. எம்.பி.பி.எஸ். முடிவுக்கும் மேற்படிப்பு நுழைவுக்கும் சேர்த்து நெக்ஸ்ட் என்று ஒரே பரீட்சை கொண்டுவர 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, பலமுறை பேசப்பட்டுத் தள்ளிப்போயிருக்கிறது. அது வந்தாலும் படுக்கையருகே செய்யும் வேலைக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

மூன்றாவது, எடுபிடி வேலை. ரத்தக் குழாயை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ளுவது, இதெல்லாம் ஒரு அளவுக்கு எல்லோரும் செய்ய வேண்டியதுதான், அதிலும் கற்க இருக்கிறது. ஆனால் பணியாளர் பற்றாக்குறையை மூடுவதற்குப் பயிற்சி மருத்துவரைப் பயன்படுத்தினால் ஆறு வாரமும் அதிலேயே கரைந்துபோகும். அப்புறம் லாக்புக். எந்தத் திறனை எத்தனை தடவை செய்தாய் என்று எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல யோசனைதான். கடைசி வாரத்தில் மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்து வாங்கும்போது அது வெறும் காகிதமாகிவிடுகிறது.

பரீட்சையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார்டில் எதற்கு மதிப்பு என்பதைக் கடைசியில் பரீட்சைதான் தீர்மானிக்கிறது. பாரம்பரியமாக லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா எனும் வாய்மொழித் தேர்வு. லாங் கேஸில் ஒரு நோயாளியோடு நேரம் கொடுத்து, கதை கேட்டு, முழுக்கப் பரிசோதித்து, தேர்வாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பக்கவாதம், வயிற்றில் நீர் கோத்தது, மண்ணீரல் வீக்கம், நெஞ்சில் நீர், வால்வு நோய் என்று வழக்கமான கேஸ்கள் உண்டு. ஒருவருக்குச் சுலபமான கேஸ், இன்னொருவருக்கு வாயே திறக்காத நோயாளி என்று அதிர்ஷ்டம் கலந்துவிடுகிறது என்பது பழைய புகார். அதற்கு மாற்றாக 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் முன்வைத்தது ஆஸ்கி என்ற முறை: வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரே வேலை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல். நியாயமானது, இப்போது இங்கேயும் பரவிவிட்டது. ஆனால் எனக்கு லாங் கேஸின் மேல்தான் நம்பிக்கை அதிகம், அதன் குறைகளோடு சேர்த்தே. ஒரு மனிதரோடு தொடர்ந்து உட்கார்ந்து எது முக்கியம், எது இல்லை என்று தானே பிரித்தெடுப்பதை அந்த மேஜைகளால் சோதிக்க முடியாது.

வார்டோடு இந்தப் பயிற்சி முடிவதும் இல்லை. சி.எம்.சி. மாணவர்கள் முதல் வருடத்திலேயே ஒரு கிராமத்தில் தங்கிவிட்டு வருகிறார்கள். கணியம்பாடி ஒன்றியத்தில் சாட், கே.வி. குப்பத்தில் 1977 முதல் இயங்கும் ருஹ்சா என்று சி.எம்.சி. நடத்தும் சமூக சுகாதார அமைப்புகளில் வெளியேயும் பயிற்சி உண்டு. ஆணையமும் இப்போது எல்லாக் கல்லூரி மாணவர்களையும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து வருடக்கணக்கில் போய்ப் பார்க்கச் சொல்கிறது. இதை மெடிசினோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வார்டில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து இன்சுலின் எழுதி அனுப்புவது பாதி வேலை. அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் இன்சுலினை எப்படி வைப்பது, வேலூர் மே மாத வெயிலில் அது தாங்குமா, ஊசி போட யாருக்குக் கண் தெரியும், காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போகிறவருக்கு அந்த அளவு ஆபத்தா என்பதெல்லாம் வீட்டுக்குப் போனால்தான் தெரியும். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மாத்திரை கொண்டுபோகும் அந்தத் திட்ட ஊழியரோடு ஒரு மாணவர் ஒரு நாள் நடந்தால், டிஸ்சார்ஜ் சீட்டில் தான் எழுதும் வரிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று தெரிந்துவிடும்.

செய்யக்கூடியது ஒன்றும் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு படுக்கை ஒதுக்குங்கள், பெயர் எழுதி வையுங்கள். ரவுண்ட்ஸில் பி.ஜி.யைக் கேட்பதற்கு முன்னால் அந்த மாணவரைக் கேளுங்கள்: ராத்திரி எப்படி இருந்தார், சாப்பிட்டாரா, நேற்றைக்கு இன்று என்ன மாற்றம். நோயாளி வீட்டுக்குப் போகும்போது மாத்திரைகளை விளக்கிச் சொல்லும் வேலையை அவருக்கே கொடுங்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள். இதைச் செய்கிற பேராசிரியர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் படித்தவர்களை ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

கடைசியாக நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும். பயிற்சி என்ற பெயரில் அதிகம் தொடப்படுவது பொது வார்டில் இருக்கும் ஏழை உடம்புதான், தனி அறையில் இருப்பவரை இருபது பேர் சுற்றி நிற்பதில்லை. அதனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: மாணவர் பரிசோதிப்பதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். "இப்ப முடியலப்பா, சாயங்காலம் வாங்க" என்று சொல்லலாம். வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லலாம், அதற்காக உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. பெண்கள் திரையும் கூட ஒரு நர்ஸும் கேட்கலாம். பெயர் சொல்லி, எதற்கு வந்தோம் என்று சொல்லாத மாணவரிடம் "நீ யாருப்பா, எந்த வருஷம்?" என்று கேட்கலாம், 2019 பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சம்மதித்துப் பேசினால் முழுசாகப் பேசுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டது, மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போட்டது, மாத்திரையை நிறுத்தியது, மழைக்குப் பிறகு காட்டுப் பக்கம் போனது என்று எதையும் விடாதீர்கள். பெரிய டாக்டருக்கு உங்கள் படுக்கையில் கிடைப்பது சில நிமிடம், அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது.